மாரி நட்ட விராலி

தம்பி, நீ சொன்னபடி வேலியை வெட்டிவிட்டேன். முந்தாநாள் வேலை முடிந்தது. நேற்று நானும் அம்மாவும் சிவகாசிக்கு வந்து சேர்ந்தோம். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் "வெட்டியாச்சுப்பா" என்பேன், நீ "சரிப்பா" என்பாய், அதற்குமேல் ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. மஸ்கட்டுக்கும் நம்ம ஊருக்கும் நடுவே ஓடுகிற இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். நீ போனதிலிருந்து நாம் அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நீ ஊருக்குக் கிளம்பும் முன் இது உன் கைக்கு வந்துவிடும். ஆயுசெல்லாம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றவன் நான். காலண்டரில் அடுத்தவர் எழுதிக் கொடுத்த தேதியையும் நல்ல நேரத்தையும் அடித்துத் தள்ளினேனே தவிர, சொந்தமாக நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

வெட்டச் சொன்னதற்காக உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் எங்காவது என் குரல் அப்படிக் கேட்டால், அது கிழவனின் சோர்வு என்று எடுத்துக்கொள். நீ திரும்பி வருகிறாய், பழைய உப்புக் கம்பெனியிலேயே சேரப் போகிறாய், வேம்பார் வீட்டில் புது மனைவியோடு குடித்தனம் வைக்கப் போகிறாய். அதைவிட எனக்கும் உன் அம்மாவுக்கும் வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வேலி எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அந்த நாளில் நீ விடியும்போதே உப்பளத்துக்குப் போய்விடுவாய், காலெல்லாம் உப்புப் பூத்து இருட்டுக்கட்டித்தான் வருவாய். வேலி இருந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். அது வந்த கதை எனக்கும் மாரிக்கும்தான் தெரியும். மாரி இல்லை. நானும் போய்விட்டால் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

உனக்கும் மாரிக்கும் கல்யாணமான புதிதில் அந்த வீட்டைப் பார்க்க வந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஊரின் கடைசி வீடு. பின்கட்டுக் கதவைத் திறந்தால் மணல், அதைத் தாண்டினால் கடல். ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. "இங்கன எப்படித் தாயி இருப்பே?" என்று மாரியிடம் கேட்டேன். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் நெருக்கடியான தெருவில் வளர்ந்த பிள்ளை. "இம்புட்டு எடம் எங்க வீட்ல ஏது மாமா? இந்த மண்ணுல நான் ஒரு தோட்டமே போட்டுருவேன் பாருங்க" என்றாள். போடவும் செய்தாள். கத்தரி, வெண்டை, மல்லி, ரோஜாப் பதியன் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். அடுத்த தடவை நான் போனபோது எல்லாம் அடுப்பில் வாட்டினதுபோல் ஓரம் கருகி நின்றது. வெயில் என்று நினைத்தேன். வெயிலில்லை, காற்று. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றில் உப்பு இருக்கிறது. அது இலையில் படிந்து, காய்ந்து, இலையின் உயிரை உறிஞ்சிவிடுகிறது. மாரி காலையும் மாலையும் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிப் பார்த்திருக்கிறாள். மனுசிக்கு எத்தனை நாள்தான் இலையைக் கழுவ முடியும்?

அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே அவள்தான் கேட்டாள். "மாமா, நம்ம ஊர்ப் பக்கம் கரட்டுல விராலி நிக்கும்லா. ஆடு கடிக்காது, தண்ணி கேக்காது, கோடையிலயும் பச்சையாவே நிக்கும். அந்த இலை பிசுபிசுன்னு மினுங்கும்ல? அதுல உப்பு ஒட்டாதுன்னு நெனைக்கேன். அத வேலியா வச்சா, அதுக்குப் பின்னாடி மத்த செடி பொழைச்சுக்கிடாதா?" எனக்குச் சிரிப்பு வந்தது. விராலி நம் பக்கம் யாரும் வளர்க்கிற செடி இல்லை. எலும்பு முறிந்தால் இலை பறிக்கத் தேடுவார்கள், அடுப்பெரிக்க வெட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இலையின் மினுக்கத்தை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் சாமி படத்துக்கு மேலே அடிக்கிற வார்னிஷ் மாதிரியேதான் இருக்கும். வார்னிஷ் அடித்த படத்தில் தண்ணீர் தெளித்தால் ஓடிவிடும். பிள்ளை சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

முதல் தடவை நான் செய்தது முட்டாள்தனம். திருத்தங்கல் பக்கத்துக் கரட்டில் போய் இடுப்பளவு வளர்ந்த செடிகளாகப் பார்த்துக் கடப்பாரையால் பெயர்த்தேன். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொண்டுபோனேன். பெரிய செடியாக வைத்தால் சீக்கிரம் வேலியாகிவிடும் என்ற ஆசை. பாறை இடுக்கில் இறங்கிய வேரில் பாதி அங்கேயே அறுந்து நின்றுவிட்டது. வைத்த எல்லாம் மளமளவென்று காய்ந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாரி ஒரு குச்சியைப் பிடுங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வளந்தத பிடுங்கிக் கொண்டுவந்தா வருமா மாமா? இந்த மண்ணுலயே மொளைச்சாத்தான் இந்தக் காத்தும் பழகும். விதை எடுப்போம்" என்றாள்.

தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கரட்டுக்கு வந்தாள். விராலிக் காயை நீ பார்த்திருப்பாயோ என்னவோ. மூன்று பக்கமும் சவ்வுபோல் இறக்கை வைத்து, காயக் காயச் செவசெவ என்று சிவந்து தொங்கும். கையில் எடுத்தால் காகிதம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். மாரி முந்தானை நிறையப் பறித்துக்கொண்டு, "மாமா, குட்டி வெடிக்குச் செவப்புப் பேப்பர் சுத்துனாப்ல இருக்கு, பாருங்க" என்று சிரித்தாள். சின்னப் பிள்ளையில் அவள் அம்மாவோடு சேர்ந்து வெடிக்குக் காகிதம் சுற்றியிருக்கிறாள். அந்தக் கஷ்டம் ஞாபகம் வந்தால் வேறு யாரும் முகம் சுளிப்பார்கள். இவள் சிரித்தாள். அவள் அப்படித்தான்.

விதை மிளகைவிடச் சின்னது, கறுப்பாக இருக்கும். சும்மா போட்டால் மாசக்கணக்கில் கிடக்கும், முளைக்காது. கொதித்து இறக்கின வெந்நீரில் போட்டு, அது ஆறுகிறவரை ஊறவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் சும்மா போட்டுப் பார்த்தோம், முளைக்கவில்லை. அம்மாதான், "கெட்டி விதைக்குச் சுடுதண்ணி ஊத்திப் பாருங்களேன், என்ன போச்சு?" என்றாள். பிளாஸ்டிக் பையில் கடல் மணல் பாதி, செம்மண் பாதி, கொஞ்சம் காய்ந்த சாணி. அதில் போட்டதும் ரெண்டு வாரத்தில் தலை காட்டியது. அன்றைக்குப் பிரஸ்ஸுக்கு மாரி போன் செய்தாள். மானேஜர் ரூமுக்கு ஓடிப் போய் எடுத்தேன், என்னமோ ஏதோ என்று. "மாமா, வந்துருச்சு!" என்றாள். "யாரு தாயி?" என்றேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே நேரமானது.

நடுவதற்கு ஐப்பசி மழைதான் தோது. அந்த மழையில் வேர் பிடித்தால்தான் அடுத்த கோடையைத் தாங்கும். ஆனால் ஐப்பசி எனக்குச் சீசன். காலண்டர் ஆர்டர் குவிந்து, ராத்திரி பகலாக மிஷின் ஓடுகிற நேரம். நீ பிறந்ததும் சீசனில்தான். உன் முகத்தை நான் பார்த்தது நீ பிறந்த மூன்றாம் நாள், அதுவும் அரை மணி நேரம். அப்படிப்பட்டவன் முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். "வீட்ல யாருக்கும் முடியலையா?" என்று கேட்டார். "இல்லங்க மொதலாளி, செடி நடணும்" என்றேன். அவர், "நீயா பேசுறே?" என்றார். திட்டினார், ஆனால் விட்டார்.

மழையோடு மழையாக நட்டோம். ஒரே வரிசையாக வைத்தால் இடுக்கில் காற்று நுழையும் என்று, முன்வரிசையில் ரெண்டு செடிக்கு நடுவில் வருகிற மாதிரி பின்வரிசையை மாற்றி வைக்கச் சொன்னவள் மாரி. கடல் பக்கம் பனையோலைத் தட்டி கட்டினேன், முதல் வருசம் பிள்ளைச் செடிக்கு மறைப்பாக. மண்வெட்டியால் நான் குழி போடப் போட, அவள் பையைக் கிழித்து மண் உடையாமல் இறக்கி, சுற்றிலும் கையால் அழுத்திக்கொண்டே வந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டிக் கிடந்தது. ஒரு இடத்தில் நிமிர்ந்து, "எனக்கு அப்பா மொகமே ஞாபகம் இல்ல மாமா. கைப்பிள்ளையா இருக்கையில போய்ட்டாக" என்றாள். "அடுத்த குழிக்குப் போவோம் தாயி" என்றேன். அவளும் வந்தாள். மருமகளிடம் மாமனார் அவ்வளவு பேசுவதே பெரிசு என்று அப்போது நினைத்தேன். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீ அன்று சாயங்காலம் வந்து சேற்றில் நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தாய். "என்னப்பா, மிஷின விட்டுட்டு வெவசாயம் பாக்க வந்துட்டீகளா? இந்தக் குச்சியா கடலத் தடுக்கப் போகுது?" என்றாய். மாரி சேற்றுக் கையை உன் சட்டையில் துடைத்தாள். அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

செடி மெல்லத்தான் வந்தது. ஆசை மிகுதியில் நான் தண்ணீரை ஊற்றோ ஊற்று என்று ஊற்றி நாலைந்து செடிகளை வேரழுகச் செய்தேன். அதற்குப் பிறகு வாளியை என் கையில் அவள் தரவில்லை. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளச் சொன்னாள். வளர்கிறதை ஏன் கிள்ள வேண்டும் என்று எனக்கு மனசு வரவில்லை. கிள்ளினால்தான் அடியிலிருந்து கிளைக்கும், கிளைத்தால்தான் காற்று நிற்கும். ரெண்டாவது வருசம் இடுப்பளவு வந்தது. அதன் மறைவில் அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்று ஓரம் கருகாமல் கொழுந்து விட்டது. அந்தக் கொழுந்தைக் கிள்ளி ஒரு தாளில் மடித்து, சிவகாசிக்கு வந்தபோது அம்மா கையில் கொடுத்தாள். வாய்திறந்து சொல்லாமலே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, கொழுந்து விட்டது கறிவேப்பிலை மட்டும் இல்லை என்று. நீங்கள் ரெண்டு பேரும் அத்தனை வருசம் காத்திருந்த பிள்ளை.

அதற்குமேல் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீதான் பக்கத்தில் இருந்தாய். காய்ச்சல் என்றார்கள், பிறகு கண் மஞ்சளானது, காமாலை என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது வருகிற காமாலை பொல்லாதது என்று அப்போதுதான் தெரிந்தது. டாக்டர்கள் ஆனமட்டும் பார்த்தார்கள். யார்மேலும் குறை சொல்ல எனக்கு வழியில்லை, இருந்தால் ஒருவேளை லேசாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரைப் பார்த்து நின்றாய். நான் உன் தோளில் கை வைத்தேன். நீ கையை எடுத்துவிடவும் இல்லை, திரும்பவும் இல்லை. தாயும் பிள்ளையுமாக மயானத்துக்குக் கொண்டுபோன அன்றைக்குக்கூட உன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. மாசம் முடியும் முன் மஸ்கட்டுக்கு விசா எடுத்துவிட்டாய். ஏர்போர்ட்டில், "வீட்ட வித்துரவாப்பா?" என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் கேக்காதீகப்பா" என்றாய். நான் கேட்கவில்லை.

நான் வேலையை விட்டதும் அம்மாவும் நானும் அங்கேதான் போய் இருந்தோம். ஊரில் கேட்டவர்களிடம் வீட்டைப் பூட்டிப்போட்டால் உப்பு தின்றுவிடும் என்று சொன்னோம். உண்மையில் அந்த வேலியை விட்டுவர எனக்கு முடியவில்லை. அவள் போனபின் ஒரு வருசம் நான் அதில் கத்திரி வைக்கவில்லை. அவள் கை பட்ட கிளை என்று விட்டேன். அது நெடுநெடுவென்று மேலே போய், அடிப்பக்கம் இலையில்லாமல் வெறும் குச்சியாக, ஓட்டையாக நின்றது. காற்று கீழே புகுந்து கறிவேப்பிலையைக் கருக்கியது. பிறகுதான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு தலையைக் கழித்தேன். அடுத்த மழையில் அடியிலிருந்து அடைத்துக்கொண்டு வந்தது. போன வருசம் என் தலைக்கு மேல் சுவர் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் கடல் இரையும், இந்தப் பக்கம் அம்மா வற்றல் காயப் போடுவாள். முருங்கை காய்த்தது. மல்லி பூத்தது. அம்மா அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ள மாட்டாள். மாரி படத்துக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தெருவில் யாராவது பெண்பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள்.

விருதுநகரில் உனக்குப் பெண் பேசி முடித்து, நீயும் சம்மதம் சொன்ன பிறகு அந்தப் போன் வந்தது. "அப்பா, நான் வாரதுக்குள்ள அந்த வேலிய வெட்டிருங்க." ஏன் என்று நான் கேட்கும் முன் நீயே சொன்னாய்: "வாசல்ல கால வைக்கயில பின்கட்டு வழியா அது கண்ணுல பட்டா, என்னால உள்ள போக முடியாதுப்பா. இன்னொரு பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். அவளுக்கு முன்னாடி நான் அப்படி நிக்கக் கூடாது." மூன்று வருசத்தில் நீ என்னிடம் பேசினதிலேயே நீளமான பேச்சு அதுதான். சரிப்பா என்றேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே உன் பக்கம் பேசினாள். "அவன் சொல்றதுதான் சரி. வர்ற பிள்ள மனசு நோகக் கூடாதுல்ல. செடிதானே? வெட்டுங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள், கழுவினதையே திரும்பவும் கழுவினாள்.

எனக்கு ஒரு மனுசியைக் கேட்காமல் வெட்ட மனசில்லை. சாத்தூரில் இறங்கி மாரியின் அம்மா வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து அவளை இறக்கிவிடுகிற நேரம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவள் என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்றாள். முகம் மட்டும் பயந்துபோயிருந்தது. நல்ல சேதி கொண்டு அவள் வாசலுக்கு நான் போய் எத்தனை வருசம்! உன் கல்யாணத்தைச் சொன்னேன். "நல்லது. மாப்பிள்ள எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்பாக? நானே சொல்லிவிடணும்னு இருந்தேன்" என்றாள். இன்னமும் உன்னை மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள். பிறகு வேலியைச் சொன்னேன். அவள் கையிலிருந்த காபி ஆறிப்போனது. "வெட்டுங்கண்ணே. எம்மக வச்சது யாரு மனசையும் உறுத்திக்கிட்டு நிக்க வேண்டாம்" என்றாள். எழுந்து வரும்போது வாசல் வரை வந்து, "வெட்டுறதுக்கு முன்னாடி நான் ஒருக்கப் பாத்துக்கிடவா?" என்று கேட்டாள்.

மகள் உயிரோடு இருந்தபோது வேலைக்கு லீவு போட முடியாமல் ஒரே ஒரு தடவை வேம்பாருக்கு வந்தவள். அப்போது செடி முழங்காலுக்குக் கீழே. இந்தத் தடவை பின்கட்டுக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "இம்புட்டா வளந்துருச்சு?" என்றாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இலையைத் தடவிக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்தபோது உள்ளங்கை பிசினால் மினுங்கியது. அதைச் சேலையில் துடைக்காமல் கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன், தம்பி. முதல் செடியின் தூரில் வைத்தேன். கை இறங்கவில்லை. அவள் பின்னால் வந்து நின்றாள். "இங்க தாங்கண்ணே" என்று அரிவாளை வாங்கினாள். "பெத்தவ மொத வெட்டு வெட்டிட்டா, பெறகு ஒங்களுக்குக் கை வரும்." குனிந்து, மூன்றாவது வெட்டில் அதைச் சாய்த்தாள். சாய்ந்த செடியைக் கைத்தாங்கலாகப் பிடித்து மணலில் படுக்க வைத்தாள். அப்புறம்தான் சத்தம் போட்டு அழுதாள். அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் மிச்சத்தை வெட்டினேன். அவர்கள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரைதான் என்னால் வெட்ட முடிந்தது. அழுகை நின்றபோது என் கையும் நின்றுவிட்டது. மறுநாள்தான் முடித்தேன்.

எல்லாம் விழுந்தபிறகு அம்மா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கடல் இம்புட்டுக் கிட்டத்துலயா இருந்துச்சு?" என்றாள். அத்தனை வருசம் அதே வீட்டில் இருந்தவள். சாயங்காலத்துக்குள் தரையெல்லாம் மணல். ராத்திரி உதட்டில் உப்பு கரித்தது. கிளம்பும்போது பார்த்தேன், மல்லியின் கொழுந்து ஓரத்தில் கறுப்பு விழத் தொடங்கியிருந்தது. வேரை நான் தோண்டவில்லை. நீ வெட்டத்தான் சொன்னாய், தோண்டச் சொல்லவில்லை. மேலும் அந்த மணலை அந்த வேர்தான் பிடித்திருக்கிறது. துளிர்த்துவிடும் என்று சொல்லி உன்னையோ என்னையோ தேற்ற நான் வரவில்லை. முதிர்ந்த விராலியைத் தூரோடு வெட்டினால் அது பெரும்பாலும் திரும்பி வராது. அதைத் தெரிந்துதான் வெட்டினேன்.

இனி அந்த வீட்டில் செடி வைப்பதும் வைக்காததும் உங்கள் பாடு. வைப்பதானால் முதலில் மறைப்பு வேண்டும், அதை விதையிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஐப்பசியில் நட வேண்டும். தண்ணீரை ஆசைக்கு ஊற்றக் கூடாது, வேர் கேட்கிற அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான், அதுவும் என் மருமகளிடம் கற்றது. என்னால் இனிக் குழி போட முடியாது. மூச்சு வாங்குகிறது. அம்மா இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. விருதுநகரில் நாங்கள் பூ வைத்து நிச்சயம் செய்யப் போனோமே, அன்றைக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கல்யாணப் பெண் தேவகியே என்னைத் தேடி வந்தாள். நீ போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லியாக இருக்கிறாள், பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். "மாமா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீகளே?" என்றாள். "கேளு தாயி" என்றேன். "அவுக போன்ல எல்லாம் நல்லாத்தான் பேசுறாக. மொத இருந்தவுகளப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாக. நான் கேட்டா லைன் கட்டானாப்ல ஆயிருது. எனக்குப் பொறாமையெல்லாம் இல்ல மாமா. அந்த அக்கா இருந்த வீட்லதான நான் போய் இருக்கப் போறேன். அவுக எப்படி இருப்பாக, என்ன செய்வாகன்னு தெரிஞ்சா, எனக்கும் அங்கன கால் ஊனும்" என்றாள். "நல்ல பிள்ளம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலியை வெட்டினால் அவள் முன்னால் கலங்காமல் நிற்கலாம் என்று நீ நினைத்தாய். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நீ கலங்குவது பயமில்லை, தம்பி. நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பயம். வந்து இறங்குகிற முதல் நாளே பின்கட்டுக் கதவைத் திறப்பாள். ரெண்டு வரிசையாக மணலுக்குமேல் வெட்டின தூர் தெரியும். மண்ணைப் போட்டு மூட நினைத்தேன், மூடவில்லை. என்ன இருந்துச்சு இங்கன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. மாரி நட்ட வேலி என்று சொல். அந்தப் பேரை உன் வாயால் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும். அவள் பக்கத்தில் நிற்பாள்.